பெரிய கோயிலின் நிழல்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று எனக்கு முதலில் சொன்னவர் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியர். அவர் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் பார்த்ததில்லை. ஆனாலும் அது எங்களுடைய பெருமையாகிவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, ரொறன்ரோவின் பனிக்காலத்து இரவொன்றில், என் அக்காவின் மகளுக்கு அதே கதையை அதே குரலில் நான் சொன்னேன். எகிப்தியப் பிரமிடுகளைப் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, "எங்கட ஆக்கள் என்ன கட்டினவை?" என்று அவள் கேட்ட இரவு அது.

பிறகு ஒரு யூலை விடுமுறையில் தஞ்சாவூர் போனோம். பிற்பகல் நான்கு மணி. முற்றத்துக் கல்தளம் உள்ளங்காலைச் சுட்டது. தெற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு நிழல் கிடந்தது. வெயிலுக்குத் தப்பிய குடும்பங்கள் அதில் உட்கார்ந்திருந்தன. நாங்களும் ஓடிப்போய் நின்றோம். அந்த நிழலுக்குள்ளேயே ஒரு வழிகாட்டி, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் தலையாட்டியது.

"மாமா, இது எதின்ர நிழல்?" என்று அவள் கேட்டாள்.

அண்ணாந்து பார்த்துவிட்டு, "விமானத்தின்ர நிழல்தான்" என்றேன்.

"விழாது எண்டெல்லோ சொன்னனீங்கள்? அப்ப நீங்கள் சொன்ன மற்றதெல்லாம்?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். விமானத்தின் உயரம் சுமார் 60 மீட்டர். அதன் அடிப்பகுதி சுமார் 30 மீட்டர் சதுரம். மேலே போகப்போக அது குறுகுகிறது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் தொடக்கம் ஆகஸ்ட் வரையில் எந்த நாளிலும் நண்பகலில் உச்சியின் நிழல் நடுவிலிருந்து 15 மீட்டரைத் தாண்டாது. அதாவது அது கட்டடத்தின் மீதே விழுந்து முடிந்துவிடும். திசம்பரில் அப்படியல்ல. அப்போது நண்பகலிலும் உச்சியின் நிழல் வடக்கே 40 மீட்டர் வரை போகும். காலையிலும் மாலையிலும் எந்த மாதமானாலும் நிழல் முற்றத்தில் நீண்டு கிடக்கும்.

ஆக, நம்பிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. கோடைகால நண்பகலில் உச்சியின் நிழலைத் தரையில் தேடினால் கிடைக்காது. இதை யாரோ ஒருவர் சரியாகவே கவனித்திருக்கலாம். சொல் கைமாறும்போது முதலில் உதிர்ந்தது "கோடையில்". அடுத்து உதிர்ந்தது "நண்பகலில்". "விழாது" மட்டும் மிஞ்சியது. தவறான நம்பிக்கைகள் பல இப்படித்தான் உருவாகின்றன. யாரும் பொய் சொல்வதில்லை. நிபந்தனைகளைச் சுமந்துகொண்டு போக யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

உச்சியில் இருப்பது 80 தொன் எடையுள்ள ஒரே கல் என்பது இதன் உடன்பிறப்பு. அந்தக் கல்லை ஏற்றச் சில மைல் தொலைவிலுள்ள சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளம் போட்டார்கள் என்ற கதையும் கூடவே வரும். உண்மையில் அந்தச் சிகரம் பல கற்களைச் செதுக்கிப் பொருத்தியது. பொருத்திய இடம் கீழிருந்து தெரியாததால் ஒரே கல் போலத் தோன்றுகிறது. தஞ்சாவூரைச் சுற்றிக் கருங்கல் மலையே இல்லை. இத்தனை ஆயிரம் கற்களும் தொலைவிலிருந்து வந்தவை. பொருத்து வாய் தெரியாமல் அவற்றை அவ்வளவு உயரத்தில் சேர்த்த கைத்திறனைவிட, "ஒரே கல்" என்ற சொல் நமக்கு எளிதாக இனிக்கிறது.

இவற்றைவிடப் பெரிய தவறொன்றும் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தது. கோயிலைக் கட்டியவர் யார் என்பதே மறந்துபோயிருந்தது. கரிகால சோழன் சிவகங்கைக் குளத்தில் நீராடித் தொழுநோய் நீங்கி இந்தக் கோயிலைக் கட்டினான் என்று தலபுராணம் சொன்னது. ஊரும் அதையே சொன்னது. இராசராசன் பெயரோ அதே கோயிலின் சுவர்களில், தமிழில், திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருந்தது. மக்கள் அந்த எழுத்துகள் மேல் சாய்ந்து உட்கார்ந்து கரிகாலன் கதையைக் கேட்டார்கள். எழுத்து வடிவம் மாறிவிட்டது. படிப்பதற்கு ஆள் இல்லை. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளரான ஜெர்மானியர் ஹூல்ஷும் அவரோடு பணியாற்றிய வெங்கையாவும் அவற்றைப் படித்தார்கள். 1890களில் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் அவை அச்சேறின. இராசராசனுக்கு அவன் கோயில் திரும்பக் கிடைத்து இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அந்தச் சுவர்கள் என்ன சொல்கின்றன? விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை அரசன் கொடுத்தது அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது கி.பி. 1010இல். பெருந்தச்சன் பெயர் குஞ்சரமல்லன். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்திக்கும் பெயர், அவள் வந்த ஊர், குடியமர்த்திய தெரு, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 100 கலம் நெல். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டார்களா என்று கல் சொல்லவில்லை.

எங்கள் ஆசிரியர் சொல்லாத இன்னொன்றும் அங்கே இருக்கிறது. ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து ஊர்கள் சில இந்தக் கோயிலுக்கு நெல்லும் காசும் கொடுக்க வேண்டும் என்ற ஆணை அது. படையெடுத்து வென்ற நிலத்தின் வருவாய். யாழ்ப்பாணத்து வகுப்பறையில் நாங்கள் கைதட்டிய கோயிலின் கணக்கில் எங்கள் தீவும் இருந்தது. நிழல் விழாத கோயிலுக்கு இப்படியான வரவுசெலவு தேவைப்படாது. அதிசயமாக்கிவிட்டால் தச்சனும் வேண்டாம், தளிச்சேரிப் பெண்ணும் வேண்டாம், வரி கொடுத்த உழவனும் வேண்டாம்.

மனிதரை மறைக்கும் நம்பிக்கை சில நேரம் பொறுப்பையும் மறைத்துவிடும். கேரளாந்தகன் வாசல் வழியாக நுழையும் ஆட்சியாளருக்கு ஆபத்து என்பார்கள். 1984 செப்டம்பரில் இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் கோயிலுக்கு வந்தார்கள். அக்டோபரில் இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார், எம்.ஜி.ஆர் நோயில் விழுந்தார். இதுதான் சாட்சி. ஆனால் எம்.ஜி.ஆர் அதே திசம்பரில் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே தேர்தலில் வென்று, 1987இல் இறக்கும்வரை முதல்வராக இருந்தார். அதைச் சாட்சியாக யாரும் எண்ணுவதில்லை. வந்து நலமாகத் திரும்பியவர்களின் பட்டியலும் யாரிடமும் இல்லை. 1997 யூன் 7ஆம் நாள் குடமுழுக்கு விழாவின்போது பந்தலில் தீப்பிடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதையும் கோயிலின் "ராசி"யில் சேர்த்துவிட்டார்கள். எளிதில் பற்றும் பந்தலை ஏன் போட்டார்கள், அத்தனை பேர் வெளியேற வழி இருந்ததா என்ற கேள்விகளைவிட "ராசி" என்ற சொல் யாரையும் நோகடிக்காதது.

புலம்பெயர்ந்த நாங்கள் இக்கதைகளை இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம். காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பிடித்திருந்தேன். பிரமிடுக்குப் பதிலாகக் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. கையில் இருந்தது இந்த ஒரு வரி. ஊரில் என்றால் ஒரு நாள் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கடல் கடந்தால் சொல்வதைச் சோதிக்க வழியில்லை. சொன்னவர் மேல் உள்ள அன்பே ஆதாரமாகிவிடுகிறது. ஆசிரியர் இறந்துவிட்டார், அவர் சொன்னதைத் தவறு என்பது அவரையே விட்டுக்கொடுப்பது போல இருந்தது.

ஆனால் பிள்ளைகள் வளர்ந்து போய்ப் பார்க்கிறார்கள். நிழல் விழுகிறது. அதோடு நாங்கள் சொன்ன மற்றவையும், எங்கள் போர், எங்கள் இழப்பு, நாங்கள் கண்ணால் கண்டவைகூட, அவர்களுக்குச் சந்தேகமாகின்றன. பொய்யான பெருமைக்கு உண்மையான துயரம் விலை கொடுக்கிறது.

அன்று அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "இது பிழை. எனக்குப் பிழையாச் சொல்லித் தந்ததை நானும் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன். பிறகு விமானத்தின் அடிப்பகுதியில் எழுத்துகள் ஓடும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு எழுத்தைத் தொடாமல் விரலால் காட்டினாள்.

"இது 'ட' தானே?"

"ஓம்."

"இது 'ப'?"

"ஓம்."

தளிச்சேரிப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் பெயர் இந்தச் சுவரிலா என்று கேட்டாள். கோயில் கல்வெட்டுகளில்தான், ஆனால் எந்த இடத்தில் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ரொறன்ரோ வந்ததும் முதல் வேலையாக நூலகத்தில் அந்தத் தொகுதியைத் தேடி எடுத்தோம். நானூறு பெயர்களில் இதுவரை முப்பது படித்திருக்கிறோம்.