விக்கலுக்கும் தண்டுவடத்துக்கும் என்ன சம்பந்தம்? பெயர் மாறிக் கிடந்த ஒரு நோயின் கதை

நாலைந்து நாளாக விக்கல் நிற்கவில்லை. கூடவே வாந்தி. எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் வயிற்றில் ஒரு குறையும் இல்லை. பிறகு அது தானாகவே நின்றுவிடுகிறது. சில வாரம் கழித்து இரண்டு காலும் மரத்துப் போய், சிறுநீரும் அடைத்துக் கொள்கிறது.

விக்கலுக்கும் காலுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. சுருக்கமாக என்எம்ஓ. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அரிய நோய். லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் வரும். பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் 30, 40 வயதுகளில்.

வாங்க, கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

1892, பிரான்சின் லியோன் நகரம். தீராத தலைவலி, சோர்வோடு 45 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஒரு மாதத்தில் சிறுநீர் அடைப்பு, இரண்டு காலும் செயலிழப்பு, பார்வை இழப்பு. அடுத்த சில வாரங்களில் இறந்து போகிறார்.

அவரைப் பார்த்த மருத்துவர் யூஜின் டெவிக். உடற்கூறாய்வில் தண்டுவடமும் பார்வை நரம்பும் ஒருசேரச் சிதைந்திருப்பது தெரிந்தது. 1894இல் இதைத் தனி நோயாக அவர் அறிவித்தார். அவருடைய மாணவர் ஃபெர்னாண்ட் கோ இதே போன்ற பழைய நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி ஆய்வேடு எழுதினார். "டெவிக் நோய்" என்ற பெயர் பிறகு வந்தது.

ஆனால் அந்தப் பெயர் புத்தகத்தோடு நின்றுவிட்டது. அடுத்த நூறு வருஷத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்எஸ் என்ற நோயின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். அதுவும் நரம்பு உறையைத் தாக்கும், இதுவும் தாக்கும். அதிலும் பார்வை போகும், இதிலும் போகும். ஜப்பானில் இதற்குக் "கண்-தண்டுவட எம்எஸ்" என்றே பெயர்.

சரி, பெயரில் என்ன இருக்கிறது டாக்டர்?

பெயரில்தான் எல்லாமே இருக்கிறது. 1993இல் எம்எஸ்ஸுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா என்ற ஊசி வந்தது. எம்எஸ் என்று முத்திரை விழுந்த என்எம்ஓ நோயாளிகளுக்கும் அதே ஊசி போடப்பட்டது. அது பலன் தரவில்லை. சிலருக்கு நோய் இன்னும் மோசமானது. பின்னால் வந்த வேறு சில எம்எஸ் மருந்துகளும் இப்படியே. பெயர் தப்பினால் மருந்து தப்பும். மருந்து தப்பினால் கண்ணோ காலோ போகும்.

திருப்பம் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தொடங்கியது. 1999இல் அங்கே 71 நோயாளிகளின் ஆய்வு வெளியானது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐந்து வருஷத்துக்குள் இறந்திருந்தார். கழுத்துப் பகுதித் தண்டுவடம் தாக்கப்பட்டு மூச்சு நின்றதே முக்கியக் காரணம். எம்எஸ்ஸின் போக்கு இப்படி இருக்காது.

2004இல் அதே இடத்தில் வாண்டா லெனன் குழு, ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, என்எம்ஓ நோயாளிகளின் ரத்தத்தில் ஓர் ஆன்டிபாடியைக் கண்டது. எம்எஸ் நோயாளிகளிடம் அது இல்லை. அடுத்த வருஷமே அது எதைத் தாக்குகிறது என்றும் தெரிந்தது: அக்வாபோரின்-4.

அக்வாபோரின் என்பது செல்லுக்குள் தண்ணீர் போய்வரும் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாய்க்கால்களைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ருக்கு 2003இல்தான் நோபல் பரிசு கிடைத்திருந்தது. நான்காம் வகை, நரம்புகளைப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் நிறைய உண்டு. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த வாய்க்காலை எதிரி என்று எண்ணித் தாக்க, முதலில் ஆஸ்ட்ரோசைட் சாகிறது. அதன் பின்னால் நரம்பும் சாகிறது.

இப்போது விக்கலுக்கு வருவோம். பார்வை நரம்பு, தண்டுவடம் போலவே, மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் பகுதியிலும் இந்த வாய்க்கால் நிறைய இருக்கிறது. அங்கே தாக்குதல் நடந்தால் நிற்காத விக்கல், வாந்தி. 2015இல் வந்த சர்வதேச வரையறையில் இதுவும் முக்கிய அறிகுறியாகச் சேர்க்கப்பட்டது.

எதிரி யார் என்று தெரிந்ததும் மருந்துகள் வேகமாக வந்தன. 2019இல் எக்குலிசுமேப். 143 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்கே நோய் திரும்பியது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 43 சதவீதம். 2020இல் இனெபிலிசுமேப், சாட்ராலிசுமேப். 2024இல் ராவுலிசுமேப்.

"விலை?" என்று கேட்பீர்கள். எக்குலிசுமேப் அமெரிக்காவில் வருஷத்துக்குப் பல லட்சம் டாலர். நம்மில் யாரால் முடியும்?

ஆனால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. ரிட்டுக்சிமேப், 1997இல் ரத்தப் புற்றுநோய்க்காக வந்த பழைய மருந்து. 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது. 2020இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் இது பெற்ற 19 பேரில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. பெறாத 19 பேரில் 7 பேருக்குத் திரும்பியது. சிறிய ஆய்வுதான், ஆனால் நம் ஊருக்குப் பெரிய சேதி. அசாத்தியோப்ரின், மைக்கோஃபீனோலேட் போன்ற மலிவான மாத்திரைகளும் பல வருஷமாகப் பயன்படுகின்றன.

இந்த நோயில் ஊனம் என்பது மெல்ல மெல்ல வருவதல்ல. ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் பார்வையையோ கொஞ்சம் நடையையோ எடுத்துக்கொண்டு போகும். ஆக, அடுத்த தாக்குதலைத் தடுத்தால் ஊனத்தையே தடுத்த மாதிரி.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

கண்ணை அசைத்தால் வலியோடு பார்வை மங்குதா? கால் மரத்து சிறுநீர் அடைக்குதா? காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ஸ்டீராய்டு ஊசியும், தேவைப்பட்டால் பிளாஸ்மா மாற்றும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

விக்கல் வந்தாலே பயப்பட வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது விக்கல் தண்ணீர் குடித்தால் போய்விடும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் காட்டுங்கள்.

எம்எஸ் என்று சொல்லப்பட்டிருந்தால், "அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனை தேவையா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஏற்கெனவே என்எம்ஓவுக்கு மாத்திரை எடுப்பவரா? "இப்பதான் நல்லா இருக்கேனே, எதுக்கு மாத்திரை?" என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்.