கதிர்ச் சிகிச்சையும் மூளைக் கட்டியும்

மூளையிற் புற்றுக்கட்டி ஏன் உண்டாகின்றது என வினவினால், பெரும்பாலான நோயாளர் விடயத்தில் மருத்துவர் திட்டமான விடை கூற இயலார். சிலருக்கு மரபுவழிக் குறைபாடு காரணமாகலாம். புறக்காரணங்களுள் மிகத் தெளிவாக நிறுவப்பட்டது அயனாக்கும் கதிர்வீச்சு. அவ்வுண்மை புலனான வரலாறு, நேயர்களே, அறியத்தக்கது.

1948 தொடக்கம் 1960 வரை இஸ்ரேலில், வட ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலுமிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவர்க்குத் தலைப் படர்தாமரையை நீக்க எக்ஸ்-கதிர் பாய்ச்சப்பட்டது. கதிர் பட்ட மயிர் உதிரும். அதைப் பற்றிய பங்கசும் உடன் நீங்கும். அக்காலத்திற் பல நாடுகளும் கைக்கொண்ட முறையே அது. 1950களின் இறுதியில் கிரிசியோபல்வின் என்னும் உட்கொள்ளும் மருந்து வந்தபின் அம்முறை வழக்கொழிந்தது.

பிள்ளைகளின் நோய் நீங்கிற்று. ஆனால், கதிர் தலைத்தோலோடு நின்றுவிடவில்லை, மூளையையும் எட்டியது. கதிர் பெற்ற ஏறக்குறைய 11,000 பேரை, கதிர் பெறாத உடன்பிறந்தாரோடும் பிறரோடும் ஒப்பிட்ட பாருக் மோடன் குழுவினர், தலையிலும் கழுத்திலும் கட்டிகள் மிகுந்திருந்தமையை 1974இல் வெளியிட்டனர். 1988இல் வெளிவந்த தொடராய்வின்படி, பெரும்பாலும் தீங்கு குறைந்த மூளையுறைக் கட்டி ஒன்பது மடங்குக்கு மேலும், கொடியதாகிய கிளையோமா ஏறத்தாழ இரண்டரை மடங்காகவும் காணப்பட்டன. 1994இல் இஸ்ரேல் பாராளுமன்றம் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது.

நோயறியத் தேவையான கதிர்ப்படத்துக்கு அஞ்சுமாறு இவ்வரலாறு கூறவில்லை. சிகிச்சையின் தீங்கு பல்லாண்டு கழிந்தும் வெளிப்படலாம் என்பதையே கூறுகின்றது. அன்றைய சிகிச்சைப் பதிவேடுகள் பேணப்பட்டிராவிடின், அப்பிள்ளைகளின் துன்பம் காரணமறியாத துன்பமாகவே மறைந்திருக்கும்.