புல்லட்டின் செயினும் ஸ்ப்ராக்கெட்டும்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் மோட்டார் சைக்கிளில் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுவது தமிழகத்து இருசக்கர வாகனப் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. இதில் இரண்டு வகை உண்டு. தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது ஒன்று. பற்களின் எண்ணிக்கையைக் கூட்டி வண்டியின் நடையையே மாற்றுவது இன்னொன்று. இரண்டாவது வகை மாற்றத்தின் வரலாறு ஏறத்தாழ ஒரே ஒரு பல்லின் வரலாறு. அந்த ஒரு பல்லுக்கு மேல் புல்லட்டில் அதிகம் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் அதன் பின்சக்கர அமைப்பு.

செயின் வந்த வழி

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசென்றது தோல் பட்டை. மழையில் பட்டை வழுக்கியது, மேட்டில் நழுவியது. ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் 1880-ல் காப்புரிமை பெற்ற புஷ் ரோலர் செயின் முதலில் ஆலை இயந்திரங்களுக்கும் பின்னர் சைக்கிளுக்கும் பயன்பட்டு, மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. இன்று புல்லட்டில் ஓடுவதும் அடிப்படையில் அதே செயின்தான். இரு தகடுகள், அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர். தேய்மானத்தின் பெரும்பகுதி வெளியே தெரியும் ரோலரில் நிகழ்வதில்லை. உள்ளே ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நிகழ்கிறது. செயின் 'நீண்டுவிட்டது' என்று மெக்கானிக் சொல்லும்போது தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஏற்பட்ட சிறு தேய்மானம் கூடிச்சேர்ந்து நீளமாகத் தெரிகிறது.

சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டி செய்தனர். படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே உருவாயின. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம் அது. செயினைப் போல அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள் உள்நாட்டில் கிடைக்காவிட்டால் வண்டி ஓடாது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து டைமண்ட் செயின் நிறுவனத்தின் கூட்டுடன் டி.ஐ. டைமண்ட் செயின் 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. (ரைட் சகோதரர்களின் 1903-ஆம் ஆண்டு விமானத்தில் விசிறிகளைச் சுழற்றியதும் அந்த இண்டியானாபோலிஸ் நிறுவனத்தின் முன்னோடி செய்த செயின்தான்.) கோவையில் 1937-ல் போக்குவரத்து நிறுவனமாகத் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் பின்னர் செயின் உற்பத்திக்கு வந்தது. அதன் ரோலான் என்ற பெயர் உதிரிபாகக் கடைகளில் பரவலாக அறியப்பட்டது. ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் புல்லட் தமிழகத்தில் தொடர்ந்து உற்பத்தியானதற்கு இத்தகைய துணைத்தொழில்களும் ஒரு காரணம்.

டிரம்மோடு பிறந்த ஸ்ப்ராக்கெட்

புல்லட்டில் இரண்டு செயின்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் செல்வது பிரைமரி செயின். அது 3/8 அங்குல இரட்டை வரிசைச் செயின், மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் ஓடுவது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்வது வெளியே தெரியும் பின் செயின். முன்னது வருடக்கணக்கில் உழைக்கும். தொல்லையெல்லாம் பின்னதில்தான்.

பின்சக்கரத்தில் 38 பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட் தனிப் பாகமாக இல்லை. பிரேக் டிரம்மும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே வார்ப்பு. அந்த டிரம்மிலிருந்து விசை ரப்பர் கட்டைகள் வழியாகச் சக்கரத்தின் குடத்துக்குப் போகிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் ஒவ்வொரு உதைப்பையும் அந்த ரப்பர் வாங்கிக்கொள்வதால் செயினுக்கு அடி குறைவு. நல்ல அமைப்புதான், ஆனால் பற்கள் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். டிரம்மின் உட்பக்கம் நன்றாக இருக்கும், பல் மட்டும் சுறாமீன் துடுப்புபோல் சாய்ந்திருக்கும். செலவை நினைத்து உரிமையாளர் புதிய செயினை மட்டும் வாங்கிப் போடுவார். சாய்ந்த பல் புதிய செயினைச் சில மாதங்களில் பழைய செயினாக்கிவிடும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்ற விதி புல்லட் வைத்திருப்பவர்களிடையே அதிகம் மீறப்பட்டதற்கு இந்த வார்ப்புதான் முதற்காரணம்.

இதே அமைப்புள்ள பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் தேய்ந்த பற்களை லேத்தில் கடைந்து எடுத்துவிட்டு, புதிய பல் வளையத்தை போல்ட்டால் பூட்டுவதுண்டு. ஒழுங்காகச் செய்தால் நல்ல தீர்வு. வளையத்தைப் பற்றவைப்பது வேறு விஷயம். வார்ப்பிரும்பு வெப்பத்தில் கோணும், விரியும். டிரம் முட்டை வடிவமாகிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் விட்டுவிட்டுப் பற்றும். சேமித்த பணம் பிரேக்கில் போய்விடும்.

பதினாறும் பதினேழும்

பின்னால் எண்ணிக்கையை மாற்ற முடியாது என்பதால் மாற்றம் முன்னால்தான் நடந்தது. 350 சிசி புல்லட்டின் கியர்பாக்ஸில் 16 பல் ஸ்ப்ராக்கெட் வந்தது. 500 சிசி வண்டியில் 17 பல். இரண்டின் கியர்பாக்ஸும் ஒரே வகை என்பதால் 17 பல்லை 350-ல் போடலாம். 18 பல்லும் கடைகளில் கிடைத்தது.

கணக்கு எளிது. 38-ஐ 16-ஆல் வகுத்தால் 2.375. 17-ஆல் வகுத்தால் 2.235. 18-ஆல் வகுத்தால் 2.111. பதினாறு பல்லில் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும் வேகத்தில், பதினேழு பல்லில் ஏறத்தாழ 3765 சுற்று போதும், பதினெட்டில் ஏறத்தாழ 3555. அதிர்வு குறைகிறது, சத்தம் தணிகிறது. பதிலுக்குச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 17-ல் 6 சதவீதமும் 18-ல் 11 சதவீதமும் குறைகிறது. சுமார் 18 குதிரைத்திறனும் நான்கு கியரும் கொண்ட வண்டிக்கு 11 சதவீதம் சிறிய தொகையல்ல.

இந்த இழப்பைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலம் நன்றாகவே காட்டும். வேணாட்டு அரசர்களின் பழைய தலைநகரான இரணியலிலிருந்து தெற்கே முட்டம், குளச்சல் கடற்கரைகளுக்குப் போகிறவருக்கு 17 பல் இதமானது. வடக்கே தக்கலை வழியாகக் குலசேகரம், பேச்சிப்பாறை நோக்கிப் போனால் சாலை மேடும் பள்ளமுமாக ரப்பர் தோட்டங்களுக்கிடையே வளைந்து ஏறும். பின்னால் ஆளும் சுமையும் இருந்தால் பதினெட்டு பல் வண்டி மூன்றாம் கியரிலேயே கிடக்கும். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு செல்லும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. திருநெல்வேலிப் பக்கமிருந்து திரும்பும் வண்டிக்கு அது எதிர்காற்று. எஞ்சின் நான்காம் கியரில் திணறும், மூன்றாவதில் அலறும். நான்குவழிச் சாலைகள் வந்த பின்னரே 17, 18 பற்களுக்கு உண்மையான தேவை எழுந்தது. குறுகிய சாலையில் மாட்டுவண்டியையும் பேருந்தையும் ஒதுக்கி ஓடிய காலத்துக்கு 16 பல்லே பொருத்தம்.

டீசல் புல்லட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 325 சிசி, 6.5 குதிரைத்திறன், உச்சமே 3600 சுற்று என்று ஓடும் அந்த எஞ்சினுக்கு வேறு விகிதம் வேண்டும். பெட்ரோல் வண்டிக்குச் சொல்லும் பல் எண்ணிக்கையை அதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதினேழுக்கு இன்னொரு நன்மை உண்டு, அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. செயினின் கண்ணிகள் வழக்கமாக இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்கும். ஸ்ப்ராக்கெட்டும் இரட்டைப்படையானால் ஒரு பல் எப்போதும் செயினின் ஒரு பாதிக் கண்ணிகளை மட்டுமே சந்திக்கும். ஒற்றைப்படை எண்ணான 17 ஒவ்வொரு கண்ணியோடும் முறைவைத்துச் சேரும். தேய்மானம் எல்லாப் பற்களிலும் பரவுகிறது.

முன் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது எளிய வேலை அல்ல. அது பிரைமரி பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எண்ணெயை வடித்து, வெளிமூடியைக் கழற்றி, பிரைமரி செயினையும் கிளட்சையும் எடுத்து, உள்மூடியையும் விலக்கினால்தான் கைக்கு எட்டும். அதனால் கிளட்ச் வேலை வரும்போதே பல்லையும் மாற்றிவிடுவது வழக்கம். வேகமானி முன்சக்கரத்திலிருந்து ஓடும் வண்டிகளில் இந்த மாற்றத்தால் அது பொய் சொல்வதில்லை.

மழை, உப்பு, செம்மண்

குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரு பருவமழையும் பெய்யும். கடற்காற்றில் உப்பு உண்டு. செம்மண் தூசி செயின் எண்ணெயில் கலந்தால் உரசுபசையாக மாறிவிடும். பழைய முறையில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உருக்கிய கிரீஸில் ஊறவைத்துத் தொங்கவிடுவார்கள். சூட்டில் இளகிய கிரீஸ் ஊசிவரை இறங்கும், ஆறியதும் அங்கேயே தங்கும். வெளியே பூசும் எண்ணெய் அவ்வளவு தூரம் போவதில்லை.

ஓ-ரிங் செயின் 1970களில் உலகச் சந்தைக்கு வந்தது. ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஆலையிலேயே கிரீஸை அடைத்து, தகடுகளுக்கிடையே ரப்பர் வளையம் வைத்திருப்பார்கள். இந்த மண்ணுக்கு அது பொருத்தமான மேம்பாடு. ஆனால் வளையத்தால் செயினின் அகலம் கூடுகிறது. பழைய புல்லட்டில் முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி இடம் குறைவு. உறையில் எங்கும் உரசவில்லை என்று சக்கரத்தைக் கையால் பலமுறை சுற்றிப் பார்க்காமல் ஓட்டக்கூடாது. கிரீஸில் கொதிக்கவைக்கும் பழைய வைத்தியத்தை இதற்குச் செய்தால் ரப்பர் கெடும், அடைத்த கிரீஸும் வெளியேறும்.

சாதாரணச் செயினுக்குப் பழைய அளவுகோல், ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் நீண்டால் தூக்கிப்போட வேண்டும் என்பது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினை விரலால் இழுத்துப் பார்த்தால் பாதிப் பல் தெரியக்கூடாது என்பது பட்டறைச் சோதனை. செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்ட லாக் கழன்றால் செயின் கியர்பாக்ஸ் பக்கம் சுருண்டு உறையை உடைக்கலாம், பின்சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும்.

அசலும் மாற்றமும்

பழைய வண்டியைச் சீரமைப்பவர்களிடையே எது அசல் என்ற விவாதம் ஓயாதது. டிரம்மைக் கடைந்து வளையம் பூட்டியது அசலைக் கெடுத்ததாகவே கருதப்படும், அந்த வேலையைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஓ-ரிங் செயினைக் கழற்றிப் பழையதை மாட்ட அரை மணி நேரம் போதும். பதினேழு பல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது அதே ஆலையின் 500 சிசி வண்டிக்கு உரிய பாகம். பிரைமரி பெட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பதால் கண்காட்சியில் வைத்தாலும் எவர் கண்ணிலும் படாது. கழற்றிய 16 பல் ஸ்ப்ராக்கெட்டைத் துணியில் சுற்றி வண்டியின் பெட்டியில் வைத்திருப்போர், அடுத்த கிளட்ச் வேலையின்போது அதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.