வளவும் பங்கும்

செட்டிநாட்டு வீடுகளைக் காலம் தின்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் காலத்தின்மேல் வீண்பழி போடுகிறார்கள். மழையும் கறையானும் இத்தனை சுத்தமாக வேலை செய்வதில்லை. தூண் தனி, நிலை தனி, உத்தரம் தனி என்று பிரித்து அடுக்கியது மனிதக் கை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்க்கலாம்.

காரணத்தில் பாதி அமைப்பிலேயே இருந்தது. முகப்பைத் தாண்டினால் வளவு. திறந்த முற்றத்தைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. கோயில் வரிக்கு அவன் தனிக் கணக்கு. வீட்டில் அவனுக்கென்று அறை, தனி அடுப்பு. அறை அவனுடையது, முற்றம் எல்லோருடையது. பேரன்கள் காலம்வரை இந்த ஏற்பாடு தாங்கும். அதற்கப்புறம் ஓர் அறைக்கே பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

மறுபாதி, பணம் வந்த வழி. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்த பின், ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிக்குக் கொடுத்த கடனின் வட்டி தேக்கு மரமாகக் கப்பலேறியது. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனுக்குப் பதில் நிலம் வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937இல் 25 சதவீதம். (ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல என்றார்கள். இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்க நியாயமில்லை.) 1942இல் ஜப்பானியர், 1948இல் சுதந்திர பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டம். வீடு நின்றது, வருமானமும் நின்றது.

பாங்கில் அடமானப் பத்திரம் பார்ப்பது என் பிழைப்பு. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள் என்பது அங்கே சர்வசாதாரண யோசனை. வளவைப் பங்கு போட முடியாது; தேக்கைக் கன அடிக் கணக்கில் போடலாம். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சுக்கு மட்டும் கடையில் விலையில்லை. இடித்தால் அது தூள்.

1996இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீட்டை மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். நேர்த்தியான வேலை. ஆனால் சண்டை போடப் பங்காளிகள் இல்லாத வளவு அது.

நான் ஒன்றும் வெளியே நின்று பேசவில்லை. அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்து நான் கட்டிய வீட்டின் வாசலில் இருப்பது காரைக்குடியில் வாங்கிய நிலைதான். கான்கிரீட் கூரைக்கு அது உயரம். காலை அரையடி அறுத்தோம். மேல் சட்டத்தின் பின்புறம் பழைய சொந்தக்காரர்களின் தலைப்பெழுத்துகள் (விலாசம் என்பார்கள்) மூன்று செதுக்கியிருந்தன. வார்னிஷ் அடிக்குமுன் இழைத்துவிடலாமா என்று தச்சர் கேட்டார். சரி என்றேன்.