தமையன் எழுதிக் கொடுத்த வீடு: வாடகைச் சட்டத்தின் 22(7) ஆம் பிரிவை வன்னியிலிருந்து வாசித்தல்

இலங்கையின் 1972 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 22(7) ஆம் பிரிவு, ஆட்கள் குடியிருக்கும் வீட்டை மலிவாக வாங்கி, 'எனக்குத் தேவை' என்று அவர்களை எழுப்ப வருகிறவர்களைத் தடுக்கவே எழுந்தது என்பது வழமையான வாசிப்பு. கொழும்பின் வீட்டுச் சந்தையை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த வாசிப்பு பிரிவின் முற்பாதியோடு நின்றுவிடுகிறது. சீதனமாக வீடு கைமாறும் வடக்கில், அதன் பிற்பாதிதான் குடும்பங்களின் மேல் விழுகிறது.

இந்தப் பிரிவின்படி, வாடகைக்காரர் குடிவந்த நாளுக்குப் பிறகு ஒருவர் விலை கொடுத்தோ, முதுசமாகவோ, நன்கொடையாகவோ அந்த வீட்டைப் பெற்றால், சொந்தத் தேவையைக் காட்டி வழக்கு வைக்க முடியாது. பெற்றோரிடமிருந்தோ வாழ்க்கைத் துணையிடமிருந்தோ வந்த முதுசத்துக்கும் நன்கொடைக்கும் மட்டும் விலக்கு உண்டு. அதுவும் கொடுத்தவர் வாடகைக்காரருக்கு முன்பே உரிமையாளராகியிருந்தால்தான். வாடகைக்காரர் இறந்து, அவர் வீட்டார் 36 ஆம் பிரிவின்படி வாடகையுரிமையைத் தொடர்ந்தால், கணக்கு இறந்தவர் குடிவந்த நாளிலிருந்தே ஓடும்.

தாயின் சீதன வீடு மகளுக்குப் போவது இந்த விலக்குக்குள் அடங்கும். தகப்பன் இல்லாத வீட்டில் தமையன் உழைத்து வாங்கி, தங்கைக்கு எழுதிக் கொடுக்கும் வீடு அடங்காது. கலியாணத்துக்காகக் கொடுத்ததால் அதை நன்கொடை என்பதா, கைமாறு பெற்ற உரித்து மாற்றம் என்பதா என்று வாதிடலாம். எந்தப் பக்கம் தீர்ந்தாலும் தங்கை விலக்குக்கு வெளியேதான் நிற்கிறாள்.

இத்தனைக்கும் இதே 22 ஆம் பிரிவு 'குடும்ப உறுப்பினர்' என்பதற்குள், உரிமையாளரைச் சார்ந்து வாழும் சகோதரியையும் சேர்க்கிறது. வாடகைக்காரர் குடிவருமுன்பே வாங்கிய வீடானால், உறுதி தமையன் பெயரில் இருக்கும்வரை, தங்கைக்குத் தேவை என்று அவரே வழக்கு வைக்கலாம். உறுதியை அவள் பெயருக்கு எழுதிய மறுநாள், அதே தேவைக்காக அவளால் வழக்கு வைக்க முடியாது. அப்படியானால் ஆட்களை எழுப்பிய பிறகு எழுதலாமே என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் உறுதியைப் பார்க்காமல் நாள் வைக்க மாட்டார்கள். கலியாணம் முடிந்தபின் அவள் தமையனைச் சார்ந்து வாழ்பவள் என்று நிறுவுவதும் கடினம். சட்டம் இயற்றியவர்கள் தமையன் கொடுக்கும் சீதனத்தை எண்ணிப் பார்த்து ஒதுக்கினார்கள் என நான் கருதவில்லை. பெற்றோர், பிள்ளை, துணை என்ற சிறு குடும்பத்தை முன்வைத்து எழுதியதால் அது விடுபட்டது என்பதே என் வாசிப்பு. நேர்ச் சான்று இல்லை. பிரிவின் கட்டமைப்பு அப்படித்தான் சொல்கிறது.

வாடகைக்காரர் பக்கத்தை மறந்து இதைச் சொல்லவில்லை. பெயருக்கு ஓர் உறுதி எழுதி வறிய குடும்பத்தைத் தெருவில் விடும் தந்திரத்தை இந்தப் பிரிவு உண்மையாகவே அடைக்கிறது. நகர எல்லைகளுக்கென்று வந்த சட்டம் இது. வன்னியில் வவுனியா நகரத்துக்குத்தான் முதன்மையாகப் பொருந்தும். கிளிநொச்சியின் குடியேற்றக் காணிகளில் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே முன்னிற்கிறது. அங்கே அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி சீதனமாக எழுதவே முடியாது.

22(7) ஆம் பிரிவுக்கு நேரெதிராக ஒரு பழைய விதி இருக்கிறது. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, சீதனச் சொத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் தம்பதியர் கையேற்க வேண்டும் என்கிறது. பின்வந்த காலாவதிச் சட்டங்களின் முன் அந்த விதி வலுவிழந்தது என்பார்கள். நீதிமன்றத்தில் அது சரியாகலாம். ஆனால் கொடுத்த சீதனம் கைக்கு வந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அந்த விதியோடு போய்விடவில்லை.

அந்த விதி வன்னியை எவ்வளவு தூரம் கட்டியது என்பது வேறு சிக்கல். 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி தேசவழமையை 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார்' குடிகளுக்கு உரியதாக்கியது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பிரித்தானியரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 'யாழ்ப்பாண மாகாணம்' என்ற சொற்றொடர் எழுதப்பட்ட நாளிலேயே வன்னித் தலைவர்களின் ஆட்சிப் பிரிவுகளான வன்னிமைகளையும் உள்ளடக்கியதா, பின்வந்த நிர்வாக எல்லைகளோடு சேர்த்து அப்படி வாசிக்கப்பட்டதா? நான் பிந்தியதன் பக்கம் சாய்கிறேன்; ஆண்டு குறித்துச் சொல்லத் துணியவில்லை.