தண்டுவட மரப்பு நோய்: அன்றாடப் பராமரிப்பு

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைச் சிதைக்கும் நாட்பட்ட நோய். தொற்றாது, பெண்களிடம் மிகுதி. சோர்வு, பார்வை மங்கல், தடுமாற்றம், சிறுநீர் அவசரம் ஆகியவை அறிகுறிகள். உடல் சூடேறினால் இவை தற்காலிகமாகக் கூடும்; உடலுழைப்புக்குப்பின் பார்வை மங்குவதை 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் விவரித்தார். பூந்தமல்லி போன்ற இடங்களில் கத்திரி வெயிலே பெரிய இடர். வெளிவேலையை வெயிலேறுமுன் முடிப்பதும், ஈரத்துண்டும், வேலைக்கு நடுவே ஓய்வும் உதவும். சிறுநீர்த் தொல்லைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது கேடு. உடல் குளிர்ந்தபின்னும் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் புதிய அறிகுறியை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்ற 21 குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று. அச்சட்டத்தின் பயன்களுக்குப் பூந்தமல்லி வட்டத்தினர் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.