இலிதிய மின்கலத்தின் வரலாறும் இல்லத்துத் தேர்வும்

சுவர்க்கடிகாரம், ரோச் விளக்கு, வானொலி முதலியவற்றுக்குப் பற்றரி வாங்குவோர் நெடுங்காலம் ஒன்றையே நோக்கினர். அஃது அதன் பருமன். பருமன் ஒத்திருப்பின் மின்னழுத்தமும் ஒத்திருக்கும் என அவர் கொண்ட நம்பிக்கைக்கு வரலாற்றிலே தக்க காரணம் இருந்தது. பிரெஞ்சுப் பொறியியலாளர் இலெக்கிளாஞ்சே 1866 இல் ஆக்கிய நாக-காபன் கலத்தின் வழிவந்த உலர்கலம் ஒவ்வொன்றும், சிறிதாயினும் பெரிதாயினும், ஏறத்தாழ 1.5 உவோற்றே தந்தது. உண்மையில் மின்னழுத்தத்தை வகுப்பது கலத்தின் பருமனன்று; அதனுள் அமைந்த பொருள்களின் இயல்பே. உலர்கலங்களின் உட்பொருள் ஒன்றாயிருந்தவரை இவ்வேறுபாட்டை இல்லத்தார் எண்ணிப்பார்க்க நேரவில்லை. இலிதியம் வந்தபோது நேர்ந்தது.

மீண்டும் மின்னேற்றத்தக்க கலம் இலிதியத்தொடு தோன்றியதன்று. பிளாந்தே 1859 இலேயே காரீய-அமிலக் கலத்தை ஆக்கினார். சுவீடன் தேசத்து யுங்னர் 1899 இல் நிக்கல்-கட்மியக் கலத்தைக் கண்டார். அதன் பின்வந்த நிக்கல்-உலோக ஐதரைட்டுக் கலமும் அதனைப் போலவே 1.2 உவோற்றே தருவது. இது 1.5 உவோற்றுக்கு அணித்தாகலின், பழைய கருவிகளுட் பெரும்பாலான இவற்றை ஏற்றுக்கொண்டன.

இலிதியம் 1817 இல் ஆர்வெட்சன் என்பாரால், சுவீடனின் ஊட்டோ தீவிற் பெற்ற கனிமமொன்றிலே கண்டறியப்பட்டது. உலோகங்களுள் இதுவே மிக இலேசானது; இலத்திரனை எளிதில் இழப்பது. இவ்விரு பண்புகளும் மின்கலத்துக்கு வாய்ப்பானவை. ஆயின், எளிதில் இழப்பது எளிதில் எரிவதுமாம். எக்சன் எண்ணெய் நிறுவனத்தில் ஆய்வு நடத்திய விற்றிங்கம், தித்தேனிய இருசல்பைட்டையும் இலிதிய உலோகத்தையும் கொண்டு இரண்டு உவோற்றுக்குச் சற்று மேற்பட்ட கலத்தை ஆக்கி 1976 இல் வெளியிட்டார். மீள மீள மின்னேற்றியபோது உலோகத்தின்மேல் ஊசிபோன்ற முளைகள் வளர்ந்து மறுமுனையைத் தொட்டன, கலம் தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் அவ்வாய்வுகூடத்துக்குப் பன்முறை வரவேண்டியதாயிற்று. இலிதியத் தீயை அவித்தற்குரிய சிறப்பு இரசாயனப் பொருள்களின் விலையை ஆய்வுகூடமே இறுக்கவேண்டும் என அவர்கள் அச்சுறுத்தினராம். அவர் பொறுமைக்கும் எல்லை உண்டன்றோ!

1980 இல் ஒக்ஸ்போர்டிற் குடினவ் என்பாரும், யப்பானியரான மிசுசிமா முதலிய துணைவரும் இலிதியக் கோபால்ற்று ஒட்சைட்டை நேர்முனைப் பொருளாக்கி 4 உவோற்றை எட்டினர். இதற்குக் காப்புரிமை பெற அப்பல்கலைக்கழகம் முன்வரவில்லை என்பது இன்று வியப்பைத் தருவது. மறுமுனைக்குத் தீர்வு கண்டவர் யப்பானின் யோசினோ. இலிதிய உலோகத்தை முற்றாக நீக்கி, எண்ணெய்க் கழிவிலிருந்து பெறும் காபன் கரியினுள் இலிதிய அயன்களைத் தங்கவைத்தார் அவர், ஆண்டு 1985. பின்னர் கனத்த இரும்பைக் கலத்தின்மேல் விழுத்திச் சோதித்தபோது அது தீப்பற்றவில்லை. இலிதிய உலோகக் கலமோ வெடித்தது. யோசினோவின் வழியைத் தழுவாத கனடிய நிறுவனமாகிய மோலி, யப்பானிலே கைத்தொலைபேசிகள் தீப்பற்றியதனால், 1989 இல் தன் உலோகக் கலங்களை மீளப்பெற்றது. இரண்டாண்டின் பின், 1991 இல், சோனி நிறுவனம் காபன் கொண்ட கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. விற்றிங்கம், குடினவ், யோசினோ ஆகிய மூவரும் 2019 இல் நோபெற் பரிசு பெற்றபோது குடினவின் வயது 97.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், இலிதிய உலோகம் அதே நிறையுள்ள காபனைவிட மிகுந்த ஆற்றலைக் கொள்ளவல்லது என்பதே. அவ்வாற்றலின் பெரும்பகுதியைக் கைவிட்ட பின்னரே கலம் இல்லத்துள் நுழையும் தகுதி பெற்றது. ரெக்சாசிற் குடினவும் அவர் குழுவினரும் 1990 களின் பிற்பகுதியில் வெளியிட்ட இலிதிய இரும்புப் பொசுபேற்றும் இத்தகையதே. கோபால்ற்று வகையிலும் குறைந்த ஆற்றலுடையதாயினும், பொசுபேற்று ஒட்சிசனை இறுகப் பற்றியிருத்தலின் எளிதிற் கனலாது. மின்னேற்றங்களையும் மிகப் பல தாங்கும். ஆதலின் சூரிய விளக்கு, வீட்டு மின்சேமிப்புப் பெட்டி போன்று நிலையாக ஓரிடத்திருப்பவற்றுக்கு இதுவே ஏற்றது. நிறை குறைந்திருக்கவேண்டிய கைக்கருவிகளுக்குக் கோபால்ற்று, நிக்கல் வகைகள் பொருந்தும்.

இப்போது பென்ரோச் பற்றரி எனவும் டபிள் ஏ எனவும் வழங்கும் சிறு கலத்தை நோக்குக. 14 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் நீளமுமுள்ள அவ்வொரே வடிவில், நிக்கல் வகை 1.2 உவோற்றும், உலர்கலம் 1.5 உவோற்றும், இரும்புப் பொசுபேற்று 3.2 உவோற்றும், கோபால்ற்று வகை 3.7 உவோற்றும் தந்து நிற்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒரே உருளையினுள் அடங்கியிருக்கின்றது! இரண்டு உலர்கலம் இடவேண்டிய ரோச் விளக்கில் 14500 எனக் குறித்த இலிதியக் கலம் இரண்டை இடின், 3 உவோற்றுக்குப் பதிலாக 7.4 உவோற்றுப் பாயும். விளக்கு அக்கணமே பழுதாதலுங் கூடும். இவ்விடரைத் தவிர்க்கவே, உள்ளே சிறு சுற்றமைத்து மின்னழுத்தத்தை 1.5 உவோற்றாகக் குறைத்துத் தரும் இலிதியக் கலங்கள் வெளிவந்தன. பழைய கருவிகளுக்கு அவற்றையே கொள்க. எனினும் மெல்ல இயங்கும் சுவர்க்கடிகாரத்துக்கு மின்னேற்றும் கலம் வேண்டுவதேயில்லை. சாதாரண காரக்கலமே ஆண்டுக்கு மேல் நிற்கும்.

இலிதியம் என்று எழுதப்பட்ட யாவும் மின்னேற்றத்தக்கனவும் அல்ல. இலிதிய-இரும்பு இருசல்பைட்டு வகைக் கலமும், 2032 எனும் எண்கொண்ட பொத்தான் கலத்தின் சாதாரண வகையும் ஒருமுறை பயன்படுத்தி நீக்கற்பாலன. அவற்றை மின்னேற்றியில் இடுதல் தீங்கு.

18650 என்னும் பருத்த உருளைக் கலத்தின் பெயரே அதன் அளவைச் சொல்லும்: விட்டம் 18, நீளம் 65 மில்லிமீற்றர். பேர்பெற்ற ஆலைகளிலிருந்து வருவனவற்றின் கொள்ளளவு பெரும்பாலும் 2000 இற்கும் 3600 மில்லியம்பியர்-மணிக்கும் இடைப்பட்டது. இவ்வுருவில் 9900 எனப் பொறித்து மலிவாக விற்கப்படும் கலம், எண்ணைப் பெருக்கியதேயன்றி ஆற்றலைப் பெருக்கியதன்று. மின்னேற்றியும் வகைக்கேற்ப வேறுபடும். கோபால்ற்று வகை 4.2 உவோற்று வரையும், இரும்புப் பொசுபேற்று 3.65 உவோற்று வரையுமே ஏற்கும். முன்னையதற்குரிய மின்னேற்றியிற் பின்னையதை இடின் அது அளவுமீறி ஏறும். வெப்பம் இரண்டுக்கும் பகை. நெடுநாட் பயன்படுத்தாது வைப்பதாயின், ஏறத்தாழப் பாதியளவு ஏற்றி நிழலான இடத்தில் வைத்தலே முறை.